கணவரின் நம்பருக்குப் போன ஆறு இலக்கம்

கணவர் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். என் கணவருக்காக நான் இருந்த அந்த இத்தாவின் மூன்றாவது மாதத்தில்தான் எங்கள் கடையின் இணையதளத்தை நான் புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். அதுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெண்களுக்கு அது பெரிய குறை. வெறும் கையோடு திரும்பிப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள். நான் மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

அலுவிகாரையில் எங்களுக்கு மிளகு, கறுவாப்பட்டை, ஏலம் விற்கிற கடை. ரோட்டோரம் அப்படி எத்தனையோ கடைகள் உண்டு. வெளிநாட்டுக்காரர் எங்களைத் தேடி வந்தது கணவர் வருஷக்கணக்காக எழுதிய பக்கங்களால். இணையத்தில் தேடினால் முதலில் நாங்கள் நிற்போம். அவர் பாவித்த மென்பொருள் பழசாகிவிட்டது, மாத முடிவோடு நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தல் வந்தது. புதியதில் எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறும். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடாவிட்டால் வெறும் பக்கத்தில் போய் முட்டிக்கொள்வார். கொஞ்ச நாளில் தேடலில் நாங்கள் காணாமல் போவோம். கடைக்கு வேறு கதி இல்லை.

நூற்றுச் சொச்சம் முகவரிகள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒத்துப் பார்த்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அது என்னிடம் சுகம் விசாரிக்கவில்லை.

கடைசியாகத் தளத்தின் பெயரைப் புதிய இடத்தோடு இணைக்கப் போனபோது, கணக்கைத் திறக்க ஆறு இலக்கம் கேட்டது. அந்த இலக்கம் போவது கணவருடைய போனுக்கு. போன் வீட்டில் இல்லை. அவருடைய அண்ணன், நாங்கள் காக்கா என்போம், உடுப்பு, மணிக்கூடு, போன் எல்லாவற்றையும் தம்பியின் பேரில் சதகாவாக, தானமாகக் கொடுத்துவிட்டிருந்தார். தங்கமான மனிதர். சிம்மைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. போன் இருந்தது எங்களுக்கு அரிசி கொண்டுவரும் வில்கமுவ விவசாயியிடம். அவரைப் பிடிக்க ஒரே வழி என் கணவரின் நம்பரை அழுத்துவது.

கணவரின் தாய், என் மாமிக்குப் பொறுக்கவில்லை. "இத்தாவுல இருக்கிற பொம்புள அந்நிய ஆம்புளையோட போன் பேசுறதா? காக்கா பேசட்டும்."

"காக்கா எழுதி எடுக்குறதுக்குள்ள அந்த இலக்கம் செத்துடும் மாமி. கடைய மூடிட்டு இத்தா இருக்கச் சொல்றீங்களா?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதற்காக வருந்தக்கூட என்னால் முடியவில்லை.

மூன்று தடவை தொடர்பு கிடைக்கவில்லை. நாலாவது தடவை, டிராக்டர் சத்தத்துக்கு நடுவில், எடுத்தார். சிங்களத்தில் விஷயத்தை விளக்கினேன். டிராக்டரை நிறுத்திவிட்டு ஆறு இலக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தார். தளம் மாறியது. பழைய முகவரிகள் எல்லாம் புதிய பக்கங்களில் சரியாகப் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரம் தினமும் தேடிப் பார்த்தேன். ஓர் இடம்கூடக் கீழே இறங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பகல், குசினியில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் என் கணவரின் பேர். கை தன்பாட்டில் எடுத்தது.

"சாப்பிட்டீங்களா? எப்ப வாறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் டிராக்டர் நின்றது. பிறகு வில்கமுவக்காரர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "சாப்பிட்டேன், நோனா. நாளைக்கு அரிசி கொண்டு வாறேன்" என்றார்.

சரி என்றேன். அடுப்பை அணைத்தேன். குசினித் தரையில் உட்கார்ந்து, மாமி ஓடி வந்து என்னைப் பிடிக்கும்வரை சத்தம்போட்டு அழுதேன்.