வளைந்த குழலும் தாய்மாமன் சீரும்

பழைய காற்றுத் துப்பாக்கி என்றால் மலாக்காவில் தெரிந்தவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்ப்பவன் நான். துப்பாக்கி என் பைத்தியம். குழல் மேல் அடித்த எழுத்து, விசைக்குப் பக்கத்து எண், திருகாணிகளில் யாராவது கண்டபடி கை வைத்திருக்கிறார்களா, இவ்வளவும் பார்த்தால் போதும். எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு பெறும் என்று சொல்லிவிடுவேன். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அந்த வாய் திறக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை மூடிக்கொண்டது. அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புலாவ் செபாங்கில் எனக்கு ஓர் அக்கா உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தோம். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவரை அத்தான் என்பேன். அத்தானிடம் லைசன்ஸோடு ஒரு பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி இருந்தது. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ஈயக்குண்டைப் போட்டு, குழலை நிமிர்த்தி மூடிய பிறகுதான் விசையைத் தொட வேண்டும். அதை அத்தான் யாரையும் தொட விடமாட்டார். அக்காவின் கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் விதிவிலக்கு, அதுவும் அவர் கண் முன்னால்.

பல வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் குளிக்கப் போயிருந்தார், அக்கா சமையலறையில். நான் கேட்காமலே அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். உள்ளே எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்கக் குழலை மடக்கினேன். மடங்கியிருக்கும்போதே விரல் விசையில் பட்டுவிட்டது. குழல் படாரென்று மேலே எகிறி மூடிக்கொண்டது. என் மூக்கு தப்பியதே பெரிய புண்ணியம். இந்தப் பாழாய்ப்போன விரலுக்கு அங்கே என்ன வேலை? குழல் ஒரு நூலளவு மேல்நோக்கி வளைந்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் படாது, என் கண்ணுக்குப் பட்டது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் அக்காவின் தம்பி வந்தான். பின்பக்கத்து ரம்புத்தான் மரத்தில் அணில் தொல்லை என்று அத்தானே துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு குண்டுதான் சுட்டான். திரும்பி வந்து, குண்டு மேலே போகிறது, குழல் வளைந்த மாதிரி இருக்கிறது என்று அவனே சொன்னான். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் நேராகச் சுட்டது உன் கைக்கு வந்ததும் வளைந்துவிட்டதா என்றார். அவனும் ரோஷக்காரன், வார்த்தை தடித்தது.

"ஒத்துக்கிட்டு வா. இல்லன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

அவன் போய்விட்டான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், முறுக்குத் தின்றுகொண்டு. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். அப்போதுதான் நாலு பேர் என்னை விவரம் தெரிந்தவன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள், அந்தப் பேர் போய்விடுமே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவ்வளவு மட்டமான காரணம்தான்.

நாலு வருஷம் கழித்து அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வராமல் எப்படி? அத்தான் இறங்கி வரவில்லை, அவனும் வரவில்லை. கடைசியில் அத்தான் என்னைக் கேட்டார், நீயும் அக்காவுக்குத் தம்பி மாதிரிதானே என்று. நான் என்ன செய்தேன்? பட்டுப்புடவையும் சீர்த்தட்டும் வாங்கிக்கொண்டு, புது ஜிப்பா மாட்டிக்கொண்டு போனேன். மணப்பெண் கழுத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போனேன். அந்தப் படம் இன்னும் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. அந்த வீட்டுக்குப் போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

போன மாதம் அத்தான் கூப்பிட்டார். கண் மங்கிவிட்டது, லைசன்ஸை ஒப்படைக்கப் போகிறேன். அதற்கு முன் துப்பாக்கி என்ன பெறும் என்று பார்த்துச் சொல் என்றார். போனேன். கட்டை அசல், எண் அசல், திருகாணிகளில் ஒரு கீறல் இல்லை. குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை மட்டும் அடிவரைக்கும் இறக்கி வைத்திருந்தார், மேலே போகும் குண்டை இத்தனை வருஷமாக அப்படித்தான் சமாளித்திருக்கிறார். குழல் நேராக இருந்தால் நல்ல விலை, இப்போது பாதிகூடப் பெறாது என்றேன்.

காப்பி கொண்டுவந்த அக்கா நின்றார். "எப்புடி வளஞ்சுச்சின்னு பாத்தா தெரியுமா தம்பி?"

மடக்கிய நிலையில் யாரோ விசையை இழுத்திருக்கிறார்கள் என்றேன். அது உண்மைதான். அத்தான் தொடையைத் தட்டினார். "அப்ப அவன்தான். எக்ஸ்பர்ட்டே சொல்லிட்டான் லா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி செய்திருக்கமாட்டான் என்று இத்தனை வருஷம் பிடித்துவைத்திருந்த நம்பிக்கை என் வாயாலேயே போவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் இல்ல அத்தான். நான்."

நடந்ததைச் சொன்னேன். அத்தான் துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தார்.

"எம் மக கையப் புடிச்சி நீ கூட்டிட்டுப் போனியே." பிறகு, "ஃபோன எடு. அவன்கிட்ட நீயே சொல்லு. எனக்கும் கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவனே தொடங்கினான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? நானே ஒங்களுக்கு ஃபோன் அடிக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கி என் எடத்துல நின்னு புள்ளைக்குச் சீர் செஞ்சீங்களே. நீங்க இல்லன்னா அவ தாய்மாமன் இல்லாத புள்ளையால்ல மணையில ஒக்காந்திருப்பா. ஒரு நன்றிகூட சொல்லலண்ணே நான்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.