அரிசி டின்னில் கிடந்த கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி வைத்திருப்பவனைப் பார்த்து ஊர் பயப்படும் என்பார்கள். எண்பதுகளில் நான் ஒன்று வைத்திருந்தேன். ஒருத்தனும் பயந்ததாகத் தெரியவில்லை. நான்தான் அதற்குப் பயந்து சேவகம் செய்தேன். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அப்போது கோலா சாவாவில் குடியிருந்தோம். ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் விடும் கண்ட்ராக்டர் நான். சம்பளத்தன்று சிரம்பான் பேங்கிலிருந்து பணத்தை வேனில் ஏற்றி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு வழியாகக் கொண்டுபோக வேண்டும். லைசென்ஸோடு துப்பாக்கி இருந்தால்தான் கண்ட்ராக்ட் என்று மானேஜர் சொல்லிவிட்டார். அது சுடுமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. லைசென்ஸ் செல்லுமா என்றுதான் கேட்பார்.

சட்டைக்குள் மறைகிற சின்னத் துப்பாக்கி. இடுப்பில் இருப்பதே தெரியாது என்றான் கடைக்காரன். நம் வெயிலில் அவன் இரும்பைச் செருகிக்கொண்டு நடந்ததில்லை போலிருக்கிறது. வேர்வை உப்புப் பட்டு, ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிச் செம்புள்ளி விழுந்துவிட்டது. தோல் உறை ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு இன்னும் கெடுத்தது. நான் வீட்டில் கத்தினேன். தையல் மெஷின் எண்ணெயை எடுத்துத் தோசைக்கல்லில் விடுகிற மாதிரி ஊற்றினேன்.

என் மனைவி சொன்னாள்: "ஏங்க, உப்பு ஜாடியில நாலு அரிசி போட்டா உப்பு தண்ணி விடுறதில்ல. இதையும் அரிசியில வெச்சா என்னா?"

நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலம் குண்டுகளைக் கழற்றித் தனியாகப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை ஒரு பிஸ்கட் டின்னில் அரிசிக்குள் புதைத்து அலமாரியில் பூட்டுவோம். காலையில் ஊதி, கைலி முனையால் துடைத்து, இடுப்பில் செருகுவேன். துரு நின்றுவிட்டது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி சோதிப்பவர் ஒரு தமிழ் போலீஸ் சார்ஜன். பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பின்பக்கம் மண்மூட்டை அடுக்கிய இடத்தைக் காட்டி, சுடச் சொன்னார். விசையை இழுத்தேன். டிக். குண்டை மாற்றி இழுத்தேன். டிக்.

வாங்கிப் பிரித்து மேசையில் தட்டினார். குருணை உதிர்ந்தது. அப்புறம் எண்ணெயில் குழைந்த அரிசி மாவு, கெட்டியாக. கடைசியில் ஒரு வண்டு, செத்துப்போய்.

"அண்ணே, இது துப்பாக்கியா, இட்லிப் பானையா?"

"துரு புடிக்கக் கூடாதுன்னு அரிசியில வெச்சேன் சார்."

"துரு புடிக்கல லா, சூப்பரா இருக்கு. திருடன் வந்தா நீட்டுங்க, ஆக்கிச் சாப்பிட்டுட்டுப் போவான்."

அதையே மற்ற போலீஸ்காரர்களுக்கு மலாய் மொழியிலும் சொன்னார். ஸ்டேஷனே சிரித்தது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "வேர்வை பட்டா அன்னிக்கே பிரிச்சு, காஞ்ச துணியால தொடைங்க. எண்ணெ ஒரு சொட்டுதான், தாளிக்காதீங்க. அடுத்த வாரம் வாங்க. சுட்டா கையெழுத்து. சுடலன்னா லைசென்ஸ் கேன்சல்."

வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடித்துக் கத்தினேன். "ஒன் அரிசியால என் பொழப்பே போவப்போவுது!"

"நீங்க எண்ணெய ஊத்தாம இருந்தா என் அரிசி ஏன் ஒட்டப்போவுது?" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அந்த வாரம் முழுக்கப் பழைய டூத் பிரஷ்ஷும் கந்தல் துணியுமாக உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிக்குள் இத்தனை மூலை முடுக்கு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பல் குச்சியால் நோண்டினேன். நோண்ட நோண்ட மாவு வந்தது. இதைத்தான் பல மாதம் இடுப்பில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வேன் ஓட்டியிருக்கிறேன். அத்தனை மாதத்தில் அது கொன்றது அந்த வண்டை மட்டும்தான்.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் விசையை இழுத்தேன். வெடித்தது. காது அடைத்துப்போனது. திரும்பவும் சுடச் சொன்னார், திரும்பவும் வெடித்தது. சார்ஜன் கையெழுத்துப் போட்டார். கண்ட்ராக்ட் பிழைத்தது.

ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்றாள்.

"இப்ப சுடுமா?"

"சுடும். நானே சுட்டுப் பாத்துட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப அத உள்ள கொண்டு வராதீங்க. புள்ளைங்க இருக்கு."

துப்பாக்கியை வெளியே தனியாக விட்டுவிட்டு வரவும் சட்டத்தில் இடமில்லை. அன்றைக்குச் சாப்பாடு எனக்கு வேனுக்கு வந்தது.