இரண்டு வயருக்கு ஒரே நம்பர்

2008 வாக்கில் கடலூரில் ஒரு கண்ட்ரோல் பேனல் கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். வயரில் போட்ட நம்பரைப் பார்த்தாலே அந்த வயர் டிராயிங்கில் எந்தப் பக்கம், எந்த வரி என்று தெரியும்படி சாஃப்ட்வேரில் ஒரு முறையை இரண்டு வாரம் உட்கார்ந்து அமைத்தேன். மேனேஜர் அதைத் தன் யோசனை என்று முதலாளியிடம் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த டிராயிங்கில் வேண்டுமென்றே இரண்டு வயருக்கு ஒரே நம்பர் விழவைத்தேன். அதைப் பார்த்துப் பேனலும் கட்டிவிட்டார்கள். சோதிக்க வந்த கஸ்டமர், "இந்த நம்பர் எப்படி சார் ரெண்டு இடத்துல வருது?" என்று கேட்டார். மேனேஜர் திணறிப்போய் என்னைப் பார்த்தார். அவர் வியர்த்து நின்றது எனக்கு இனித்தது.

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் எங்கள் வயர்மேன் அந்தோணி அண்ணன் கையில் மருந்துக் கட்டோடு ஏறினார்.

"என்னண்ணே ஆச்சு?"

"அந்த நம்பரத்தான் சரிபண்ணச் சொன்னாங்க. ஆஃப் பண்ண வயர்னு தொட்டேன். அது அதே நம்பர் போட்ட இன்னொண்ணு, கரண்டு இருந்துச்சு. தூக்கி எறிஞ்சதால பொழச்சேன். நீ போட்ட டிராயிங்காச்சேன்னு டெஸ்டர் வெச்சுக்கூடப் பாக்கல தம்பி."

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போனது. மேனேஜர்மேல் உள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்தோணி அண்ணனிடம் அதை நேரில் சொல்லும் தைரியம்தான் இன்றுவரை எனக்கு வரவில்லை.