அக்காவின் பூட்ஸுக்குள் போன எலிமருந்து

செங் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்சந்து முழுக்க எலி. ஒரு ஞாயிறு காலை எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவு வேலை செய்தோம். கால்வாய் கூட்ட ஆள் நிறைய வந்தார்கள்; எலிமருந்து வைக்க யாரும் வரவில்லை. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கையைத் தூக்கினோம். எனக்கு எலி என்றால் பயம். அக்காவுக்கும் அப்படித்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பூச்சி ஒழிப்பு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். மருந்துக் கட்டிகளைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பூட்டுகிற கறுப்புப் பெட்டிக்குள் மட்டுமே வைக்க வேண்டும், வெளியே ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தில் கை படக்கூடாது. மிச்சத்தை எண்ணித் திருப்பித் தர வேண்டும். வாளியில் எத்தனை கட்டி என்பதை அக்கா மறக்காமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அதன் மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டார்.

நான்கு பெட்டிகளில் இரண்டிரண்டாக வைத்து முடித்தோம். ஐந்தாவதைத் திறக்கும்போது ஓர் எலி அக்காவின் பூட்ஸ் மேல் ஏறி ஓடியது. அக்கா துள்ளியதில் வாளி கவிழ்ந்து நீலக் கட்டிகள் நாலா பக்கமும் சிதறின. பொறுக்கி எண்ணினால் இருபத்தொன்று. மொத்தம் எத்தனை என்று கேட்டேன்.

"கைக்குள்ள இருக்கு லா" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைப் பொத்தவும் முடியாது, கண்ணைத் துடைக்கவும் முடியாது. அண்ணன் சொன்னபடி அக்கா கையுறையை உள்பக்கம் வெளியே வருமாறு மெல்ல உரித்தார். வியர்வையில் பாதி அழிந்திருந்தாலும் முப்பது என்பது தெரிந்தது. எட்டு போக இருபத்திரண்டு. ஒன்று குறைந்தது.

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. சந்து முனையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர்மேல் ஒரு பூனை வேறு. அக்கா வேறு கையுறை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் யாரையும் விடாமல் நின்றார். நான் பூந்தொட்டிகளுக்கு அடியிலும் கால்வாய் ஓரத்திலும் குனிந்து தேடினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"இந்த பூட்ஸ் எங்க வீட்டுக்காரரோடது, லூசா இருக்கு. உள்ள கல்லு ஏதோ குத்திக்கிட்டே இருக்கு" என்றார் அக்கா, சலிப்போடு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா திட்டில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். அது வந்த வேகத்தில் நான் மல்லாந்து விழுந்தேன். பூட்ஸிலிருந்து நீலக் கட்டி முழுசாக உருண்டு வந்தது.

அதன்பிறகு எங்களால் எழுந்திருக்கவே முடியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன், எலி கடித்துவிட்டதா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாலே சிரிப்புதான் வந்தது. அவர் கட்டியைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார். காலுறையைக் கழற்றிக் குப்பைப் பையில் போடச் சொன்னார், காலைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவச் சொன்னார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

மிச்சப் பெட்டிகளுக்கு, என் வீட்டு வாசலில் கிடந்த ஜப்பான் சிலிப்பரை அக்கா கேட்டார். நான் தரவில்லை. விரல் தெரிகிற செருப்போடு மருந்து வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, என் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தை எடுத்து வந்தேன். காலுக்குப் பத்தாத அதன் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு, பின்சந்து நெடுக அக்கா வாத்து மாதிரி நடந்து வேலையை முடித்தார்.