மெலிந்து போன துணிப்பை

சில வருடங்களுக்கு முன்பு, மட்டக்களப்பில் நான் தாதியியல் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலம். மூன்றாம் வருடத்தில் எங்கள் குழுவைப் பிள்ளைப்பேற்று வாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். யன்னலுக்கு வெளியே வாவி தெரியும், நல்ல காற்று வரும். ஆனால் அந்தக் குழுவில் ஆண் என்று நான் ஒருத்தன்தான்.

ஆண்பிள்ளை தாதியியல் படிப்பதே எங்கள் தன்னாமுனைப் பக்கத்தில் அப்போது பெரிய புதினம். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். "மகன் என்ன படிக்கான்?" என்று யாராவது கேட்டால், "கெம்பஸ்ல படிக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிள்ளைப்பேற்று வாட்டுக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று, கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்க உனக்கு என்னடா வேலை?"

எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

வாட்டில் நிலைமை அதைவிட மோசம். நான் வாசலில் தலையை நீட்டினாலே தாய்மார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவார்கள். "மிஸ் இல்லையா?" என்று பெண் தாதியைத் தேடி எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களில் பிழையில்லை. ஆனாலும் தண்ணீர்ச் சாடி தூக்குவதும் சேலைன் பெட்டி தூக்குவதும் கட்டில் தள்ளுவதுமாக என் பயிற்சி போய்க்கொண்டிருந்தது. என்னோடு படித்த பெட்டைகள் எனக்கு "மருத்துவிச்சி மச்சான்" என்று பட்டமும் வைத்துவிட்டார்கள். வெளியே சிரித்தேன். உள்ளுக்குள் கொதித்தது.

அன்றைக்கு விடியற்காலையில் ஒரு தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை கிடைத்திருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பெண். பிரசவ அறையில் வைத்துப் பார்த்து, எல்லாம் சுகம் என்று எங்கள் வாட்டுக்கு அனுப்பினார்கள். பிரஷர் பார்க்கப் போனேன். "வேணாம் தம்பி, மிஸ் வரட்டும்" என்றாள். என்னைவிட இளையவள், என்னைத் தம்பி என்கிறாள்! சரி என்று திரும்பப் போனபோது, "இந்தப் பையை மட்டும் எட்டுற இடத்தில வைச்சு விடுங்க" என்றாள்.

அது துணிப்பை. எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கும்போது, தாய் வீட்டில் பழைய வெள்ளை வேட்டி சீலைகளைக் கிழித்து, அவித்துத் தோய்த்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து ஒரு பை நிறையக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு போகிற இரத்தத்துக்கு வைக்கிற துணி. அந்தத் தங்கச்சியின் தாய் ஊருக்கே போதுமான அளவுக்கு மடித்திருந்தார். பை வாய் மூட மறுத்தது. கட்டிலோரத்துச் சின்ன அலுமாரிக்கு மேல் அதை நிற்க வைக்க நான் பட்ட பாடு! இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை சுவரோடு சாத்தி வைத்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிஸ் இடைக்கிடை வந்து பார்த்தார். பார்த்த நேரமெல்லாம் துணி சுத்தமாக இருந்தது. பிரஷரும் சரியாக இருந்தது.

மத்தியானம் பார்வையாளர் நேரம். அந்தக் கட்டிலைச் சுற்றிப் பெரிய கூட்டம். தாய், மாமியார், புருசன், புருசனின் தமையன், இன்னும் யார் யாரோ. குழந்தை கைமாறிக்கொண்டிருந்தது. "மூக்கப் பாருங்க கா, எங்கட பக்கம்தான்" என்று மாமியார் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ச் சாடியோடு அந்த வழியால் போனேன். அலுமாரிக்கு மேல் பை கிடந்தது. நிற்கவில்லை, கிடந்தது. காலையில் வாய் மூடாத பை, மெலிந்து, மடங்கிப் போய்க் கிடந்தது.

இரண்டு கட்டில் தாண்டிப் போய்விட்டேன். அங்கேயே நின்றேன். அவ்வளவு துணியும் எங்கே?

திரும்பி வந்து, "தங்கச்சி, கையைத் தாங்க, நாடி மட்டும் பாக்கன்" என்றேன். இவ்வளவு சனத்துக்கு முன்னால் மறுக்க அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், தந்துவிட்டாள். கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. நாடி ஓட்டமாக ஓடியது.

"எப்பிடி இருக்கு?"

"ஒண்டுமில்ல, களைப்புத்தான். தண்ணி விடாய்க்குது."

சொல்லும்போது கண் புருசனின் தமையன் பக்கம் போய் வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அந்தப் பிள்ளை வாய் திறக்காது. ஆனால் போர்வையை நீக்கிப் பார்க்க எனக்கும் உரிமையில்லை. மிஸ் இல்லாமல் ஆண் மாணவன் அதைச் செய்யக் கூடாது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். மாமியாருக்கு வந்ததே கோபம்!

"எவ்வளவு தூரத்தில இருந்து புள்ளையப் பாக்க வந்திருக்கம். நீ ஆருடா எங்கள வெரட்டுறத்துக்கு? பொம்புளைகள் இருக்கிற இடத்தில உனக்கு என்ன அலுவல்?"

அப்பா கேட்ட அதே கேள்வி. இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லத்தான் நேரமில்லை. திரையை இழுத்து விட்டுவிட்டு மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் இன்னொரு தாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "மிஸ், காலையில வைச்ச பை வெறும் பையாப் போச்சு. நாடி ஓடுது, கை குளிருது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எனக்கு முன்னால் ஓடினார்.

போர்வையை நீக்கியதும் மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. புதுத் துணியும் நனைந்திருந்தது. சுவரோரமாக மெத்தைக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் நனைந்த துணிகள். உறவுக்காரர் வருகிற நேரம் வாட்டுக் கட்டில் விரிப்பு கறைபட்டுவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை தானே மாற்றி மாற்றி ஒளித்து வைத்திருக்கிறாள். "புள்ள பெத்தா ரெத்தம் போகுந்தானே எண்டு நினைச்சன் மிஸ்" என்றாள். குரல் அடங்கிக்கொண்டு வந்தது.

டொக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மிஸ்ஸின் இரண்டு கைகளும் சேலைன் ஏற்றுவதில் இருந்தன. "அடிவயித்த உருட்டி அழுத்து, கருப்பை இறுகணும்" என்றார் என்னிடம். நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"தங்கச்சி, நான் கை வைக்கட்டா?"

"வைங்க அண்ணா" என்றாள்.

தம்பி அண்ணாவாகிவிட்டான். கை வைத்தேன். கருப்பை பிசைந்த மாப்போலத் தளர்ந்து கிடந்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது, உருட்டுவது மட்டும் நினைவில் நின்றது. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. கடவுளே, இறுகு, இறுகு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். டொக்டர் வந்து மருந்து ஏற்றச் சொன்னார். "நீ கையை எடுக்காத, அப்பிடியே செய்" என்றார். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே அது மெல்ல மெல்லத் திரண்டது. பிறகு கல்லுப்போல இறுகியது. இரத்தப்போக்கு குறைந்தது. இரத்தம் ஏற்றினார்கள். பின்னேரம் அவள் முகத்தில் நிறம் வந்தது.

"நல்லாப் பாத்திருக்காய்" என்றார் மிஸ். எங்கள் மிஸ் வாயிலிருந்து அது வருவது லேசான காரியமில்லை. பட்டம் வைத்த பெட்டைகள் தேநீர் வாங்கித் தந்தார்கள். பட்டத்தை மட்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த நாள் மாமியார் வந்தார். நான் மெல்ல ஒதுங்கப் பார்த்தேன். விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். "கண்டபடி ஏசிப்போட்டன் மகன், மனசில வைக்காத" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரிகளைப் பார்த்து உரத்த குரலில் சொன்னார்: "இஞ்ச பாருங்க கா, இந்தப் புள்ள வந்து கேட்டா ஒளிக்காமச் சொல்லுங்க. வெக்கப்பட்டு உசிர விட்றாதீங்க." அன்று பிரஷர் பெட்டியோடு போனபோது, பக்கத்துக் கட்டில் அக்கா நான் கேட்காமலே கையை நீட்டினார்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். சில நாட்களுக்குப் பிறகு தேநீர்க்கடைப் பக்கம் சைக்கிளில் போனேன். உள்ளே யாரோ வழமையான கேள்வியைக் கேட்டார்கள். அப்பாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது: "பிள்ளைப்பேத்து வாட்டில நிக்கான். தாய்மாரப் பாக்கான், என்ட மகன்!" நான் சைக்கிளை நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லமாட்டாரா என்று காத்து நின்றேன். சொன்னார்.

இன்றைக்கு நான் தாதிய உத்தியோகத்தர். பிள்ளைப்பேற்று வாட்டில்தான் வேலை, கேட்டு வாங்கிய வேலை. பிரஷர் பெட்டியைத் திறக்குமுன் துணிப்பையைப் பார்ப்பேன். "எத்தனை துணி மாத்தினீங்க?" என்று நான் வெட்கமில்லாமல் கேட்க, அவர்கள் வெட்கமில்லாமல் சொல்கிற ஒவ்வொரு தடவையும், அங்கே எனக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் பதிலை அந்தத் தங்கச்சிதான் எனக்குத் தந்துவிட்டுப் போனாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.