போஸ்டரில் ஒரு பெயருக்கு இடம்

கொல்லிமலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கிறேன். மலையிலேயே வளப்பூர் நாடு என்ற ஊரிலிருந்து ஒருவர், இறந்துபோன அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார். நடுவில் அப்பாவின் படம், சுற்றிலும் சொந்தங்களின் பெயர்கள்.

முடிக்கும் நேரத்தில் அவருடைய அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்குள் வந்தார். வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்துகொண்டு மலையடிவாரத்தில் இருப்பவராம். திரையைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, எம்பேரு எங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

"எடமில்லீன்னு கடைக்காரம்மா சொல்லீட்டாங்கக்கா."

எனக்குச் சுருக்கென்றது. நான் எப்போது சொன்னேன்? இவர்கள் சண்டைக்கு என் தொழில்தான் சாக்கா?

எழுத்து ஒட்டாமலிருக்கப் படத்தைச் சுற்றித் தாராளமாக இடைவெளி விட்டிருந்தேன். அந்த இடைவெளியை வைக்கும் டெக்ஸ்ட் ராப்பைத் திறந்து நான்கு பக்கமும் குறைத்தேன். பெயர்கள் படத்தை நெருங்கி வந்ததில் ஒரு வரி காலியானது.

"உங்க பேரு சொல்லுங்கக்கா" என்றேன். அப்பாவின் தோளருகே, பிள்ளைகளில் முதலாவதாக அடித்தேன்.

"எங்கூட்டு விசயத்துல நீங்க எதுக்குங்க தலையிடறீங்க? நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று தம்பி எழுந்தார்.

"பாத்துக்கங்க. ஆனா எடமில்லீன்னு நான் சொன்னதா எங்கேயும் சொல்லாதீங்க."

அவர் வேறு கடையில் அக்கா பெயர் இல்லாமலே அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். அக்கா பெயருள்ளதை நானே அச்சடித்து ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தேன், இன்னொன்றை என் கடையின் வெளிச்சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து, இடமில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அந்தப் போஸ்டர் மழையில் நைந்தால் புதிதாக ஒட்டுகிறேன். பஸ் ஏற அந்தத் தம்பி இந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.