தோட்டத்துத் தப்பும் புதுக் கைக்கடிகாரமும்

மாலை ஐந்தரைக்கு எனக்குக் கலக்கம் பிடித்தது. பண்டாரவளைப் பள்ளியிலிருந்து முதன்முறையாகத் தனியாக ரயிலில் வரும் மகன், ஐந்துக்கே ஹாலிஎல ஸ்டேஷனிலிருந்து நடந்து, நான் நிற்கும் தேயிலைத் தோட்டத்து வாசலுக்கு வந்திருக்க வேண்டும். அடைமழை. எங்காவது மண் சரிந்துவிட்டதோ?

கையில் சதுர முகமும் பழுப்புத் தோல்வாருமாகப் புதுக் கடிகாரம். காலையில்தான் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடும் தப்புப் பறைச் சத்தத்துக்கு முள்ளைச் சரிசெய்திருந்தேன். நின்றுவிட்டதோ என்று காதில் வைத்தேன். ஓடியது.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பாவும் இப்படித்தான் காதில் வைப்பார். என் சிறுவயதில் பதுளையில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் மண்ணெண்ணெய் மணக்கும் கடையில், சட்டைப்பைக் கடிகாரம் வாங்கினார். மறுநாள் விடியலில் தப்பு அடித்தபோது அது அரை மணி பின்தங்கியிருந்தது. கோபத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

நானா சிரித்தார். "கணக்கப்பிள்ளை, கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. ஆள்களச் சீக்கிரம் மலை வேலைக்கு எறக்க ஒங்க தொரைதான் அரை மணி முந்தித் தப்படிக்கச் சொல்றாரு."

இப்போது பாதை வளைவில் ஒரு குடை தெரிந்தது. மகன்தான். என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சோக்கான கடிகாரந்தான்பா. ஆனா தோட்டத்துத் தப்புக்கா வச்சீங்க? கோச்சி ஸ்டேஷனுக்கு நேரத்துக்குத்தான் வந்துச்சு. இப்பதான் மணி அஞ்சு."